பழைய கணினியைத் தேற்றுவதா, வேறு வாங்குவதா? ஒரு ஜெராக்ஸ் கடைக் கணக்கு

கோவில்பட்டியில் அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பெயருக்குத்தான் ஜெராக்ஸ். நாள் முழுக்க நடப்பது ஆன்லைன் வேலை: டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பான் கார்டு, கல்லூரிச் சேர்க்கை, நவம்பர் வந்தால் ஓய்வூதியர்களுக்கு வாழ்நாள் சான்று. நடுநடுவே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கல்யாணப் பத்திரிகை. இத்தனைக்கும் ஒரே கணினி. 2014-இல் உள்ளூரில் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ3-4130 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க்.

2025 ஆகஸ்டில் ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாள். இரவு பத்து மணிக்கு போன் வந்தது. “தம்பி, ஆறு பிள்ளைங்க நிக்குதுங்க. இது சுத்திக்கிட்டே இருக்கு.” அன்றைக்கு எப்படியோ பன்னிரண்டு மணிக்குள் ஆறு பேருக்கும் முடித்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் மறுபடி பேசினார். “இருபதாயிரம் வரைக்கும் என்னால முடியும். இதையே சரி பண்ணலாமா, வேற வாங்கலாமா? நீயே பார்த்துச் சொல்லு.”

அந்த வாரம் ஊருக்குப் போனதும் நான் முதலில் எடுத்தது ஸ்க்ரூ டிரைவரை அல்ல, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்சை. பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பிரௌசரில் ஒரு பக்கம் முழுதாகத் திறக்க 4 நிமிடம் 40 நொடி ஆனது. எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசஸர் 20 சதவீதத்தில் சும்மா இருக்கிறது. ரேம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. டிஸ்க் 100 சதவீதத்தில் இருக்கிறது, இறங்கவே இல்லை. “கணினி பழசாகிவிட்டது” என்று சொல்வதற்கு முன்னால் எல்லோரும் இந்த ஒரு திரையைப் பார்த்துவிட வேண்டும். தடை எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று அதுவே காட்டிக் கொடுக்கும். பிராசஸர் எப்போதும் 100-இல் நின்றால் அது வேறு கதை, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியைப் போட்டாலும் பெரிதாகத் தேறாது. இங்கே திணறியது டிஸ்க்.

ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு சுழல்கிறது, அதன்மேல் ஒரு முள் நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ப் படிக்கத் தோராயமாக 10 மில்லி நொடி. அப்படியென்றால் நொடிக்கு நூறு இடம்தான். விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. ரேமும் பற்றாமல் போனால் மிச்சத்தை அதே டிஸ்க்கில்தான் எழுதி வைத்து எடுக்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. அதே வேலையை நொடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும்.

நான்கு வழிகள் இருந்தன. நான் சென்னையில் இருப்பதால் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் விசாரித்த விலைகளை வைத்துச் சொல்கிறேன். இவை 2025 ஆகஸ்டு விலை.

இருப்பதிலேயே எஸ்எஸ்டியும் ரேமும்

256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 1,700 ரூபாய், பழைய சந்தையில் 8 ஜிபி டிடிஆர்3 ரேம் 800 ரூபாய். ஆக 2,500. இதை வாங்கிக்கொண்டுதான் ஊருக்கே போனேன், ஏனென்றால் மற்ற எந்த முடிவு எடுத்தாலும் இந்தச் செலவு வீணாகாது என்று தோன்றியது.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் பிராசஸர் ஃபேனைச் சுற்றி ஜெராக்ஸ் மையும் தூசியும் சேர்ந்து கறுப்புப் பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பிளோயரால் ஊதி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். பழைய ரேமின் தங்க நிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். எல்லா சர்வீஸ் கடையிலும் செய்கிற வேலைதான், இன்றைக்கும் பலன் தருகிறது. மதர்போர்டில் மின்சாரத்தைச் சீராக்கும் சின்ன உருளைகளான கெப்பாசிட்டர் எதுவும் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றாவது உப்பியிருந்தால் அந்தக் கணினிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்க மாட்டேன். நல்லவேளை, எல்லாம் தட்டையாக இருந்தன.

எச்81 போர்டில் டிஸ்க்கைச் செருகும் சாட்டா முனைகள் நான்கு உண்டு. அதில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம், மற்ற இரண்டும் 3. எஸ்எஸ்டியை வேகமான முனையில் செருக வேண்டும். பழைய விண்டோஸை அப்படியே நகலெடுக்காமல் விண்டோஸ் 10-ஐப் புதிதாக ஏற்றினேன், பத்து வருடக் குப்பையை எதற்குக் கூட்டிவர வேண்டும்?

மறுபடி ஸ்டாப்வாட்ச். 28 நொடி.

அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது போதுமே தம்பி. எதுக்கு வேற?” என்றார். வேகத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நிற்க இருந்தன. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இது 4-ஆம் தலைமுறை. அதே சாக்கெட்டில் ஐ7-4790 வரை போடலாம், ஆனால் அதுவும் 4-ஆம் தலைமுறைதான். சுற்றுவழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு எந்த அப்டேட்டில் என்ன நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். கடை, அலுவலகங்களுக்கு அது வேறு கட்டணத் திட்டம். வீட்டில் பாட்டுக் கேட்கவும் பிள்ளைகள் படிக்கவும் ஒரு கணினி என்றால் எஸ்எஸ்டி, ரேம், இந்த நீட்டிப்பு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அக்கா கடையில் தினமும் முப்பது நாற்பது பேருடைய ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக் பக்கமும் அந்தக் கணினி வழியாகப் போகின்றன. நம்பிக் கொடுக்கிறார்கள். திருத்தம் வராத கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுவது பற்றிக் கேட்பீர்கள். இலவசம், பழைய கணினியிலும் நன்றாக ஓடும், என் வீட்டு லேப்டாப்பில் அதுதான். ஆனால் கடையில் இருப்பது கேனான் எல்பிபி 2900 பிரிண்டர். லினக்ஸில் அதை ஓட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கைரேகைக் கருவி, பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் விண்டோஸை நம்பி இருக்கின்றன. கடைக்கு ஒத்துவராது.

கேபினட்டை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றுவது

உள்ளூர் சர்வீஸ்காரர் சொன்ன வழி இது. “போர்டு, பிராசஸர் மட்டும் மாத்துங்கண்ணே, மத்ததெல்லாம் இருக்கட்டும்.” கேட்கச் சிக்கனமாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் அப்படி இல்லை. ஐ3-12100 பிராசஸரும் எச்610 போர்டும் சேர்ந்து 15,000-த்தைத் தாண்டியது. டிடிஆர்3 ரேம் அந்தப் போர்டில் பொருந்தாது, அதனால் ரேம் புதிது. பதினோரு வருடம் ஓடிய மலிவான எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது மின்சாரம் தரும் பெட்டியை, புதுப் போர்டோடு இணைக்கத் தைரியம் வரவில்லை, அதனால் அதுவும் புதிது. எல்லாம் சேர்ந்து 20,000-த்துக்கு மேல் போய்விட்டது. கடைசியில் பழையதில் மிஞ்சுவது வெறும் தகரப் பெட்டி. பெரும்பாலும் விண்டோஸ் உரிமமும் மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கும், போர்டு மாறினால் அதற்கும் செலவு வரலாம்.

நான்கில் வேகமானது இதுதான், மறுக்கவில்லை. ஐ3-12100 நான்கு கோர், எட்டு த்ரெட். வீடியோ எடிட்டிங் செய்கிறவராக இருந்தால் கொஞ்சம் கடன் வாங்கியாவது இந்தப் பக்கம் போகச் சொல்வேன். விண்ணப்பப் படிவம் நிரப்ப அவ்வளவு தேவையில்லை.

புது லேப்டாப்

அன்றைக்கு விசாரித்தபோது 35,000-த்தில் ஆரம்பித்தது. பட்ஜெட்டில் இல்லை. கடை மேசையில் பத்துப் பேர் கைபடும் இடத்தில் லேப்டாப் வைப்பதும் எனக்குப் பிடிக்காது. கீபோர்டு போனால் டெஸ்க்டாப்புக்கு 400 ரூபாயில் முடியும்.

அலுவலகத்தில் ஓடி வந்த பெட்டி

கம்பெனிகள் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாக மாற்றும். அப்படிக் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் போன்றவைதான் ரீஃபர்பிஷ்டு என்று கடைகளில் வருகின்றன. ஐ5-8500, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி சேர்த்து 16,500 சொன்னார்கள். ஆறு கோர், விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், உரிமம் பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் மென்பொருளிலேயே இருக்கும். அக்காவுக்கு நான் தேர்ந்தெடுத்தது இதுதான்.

இதிலும் ஏமாற இடம் இருக்கிறது. பக்கத்துக் கடையில் இதே மாதிரிப் பெட்டியை 11,000-த்துக்கு, “லெவன் போட்டே தர்றோம் சார்” என்று காட்டினார்கள். உள்ளே இருந்தது ஐ5-6500. பெயரில் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். 6500 என்றால் 6-ஆம் தலைமுறை, 8500 என்றால் 8, 10400 என்றால் 10. 6-ஆம் தலைமுறையில் ஓடும் விண்டோஸ் 11 சுற்றுவழியில் ஏற்றியது. வெளியே இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டி, வித்தியாசமே தெரியாது.

வாங்கும் முன் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தவை: பயாஸுக்குள் போக முடிகிறதா (பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு அப்படியே கிடக்கும் பெட்டிகள் வருவதுண்டு), டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எல்லா யுஎஸ்பி முனையும் பென் டிரைவை எடுக்கிறதா. அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தையும் கேட்டேன். ஆறு மாத வாரண்டியைப் பில்லில் எழுதி வாங்கினேன். அக்காவின் பழைய மானிட்டரில் விஜிஏ முனை மட்டும் உண்டு, பெட்டியிலோ டிஸ்ப்ளேபோர்ட் முனைதான். கன்வெர்ட்டருக்கு 450 ரூபாய் தனி.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சின்னப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் அந்தந்தக் கம்பெனி அளவில் வருவது. போனால் கோவில்பட்டியில் அன்றைக்கே கிடைக்காது, சென்னையிலிருந்து வர இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் கடை நிற்கக் கூடாது. எஸ்எஸ்டி போட்ட பழைய கணினிக்கு இங்கேதான் வேலை வந்தது. இன்டர்நெட் வயரை எடுத்துவிட்டு அதைப் பேஜ்மேக்கருக்கும் பிரிண்டுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம். புதியது நின்றால் அவசரத்துக்கு இரண்டு நாள் தாங்கும். 2,500, 16,500, 450 எல்லாம் சேர்த்து 19,450 ரூபாய், இரண்டு கணினி.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது. ஏஐ தரவு மையங்களுக்கே உற்பத்தி பெருமளவு போகிறது. அதனால் மேலே சொன்ன விலைகள் இன்று அப்படியே கிடைக்காது, கேட்டுவிட்டுப் போங்கள். புது ரேம் வாங்கவேண்டிய இரண்டாவது வழிக்குத்தான் இதில் அடி அதிகம். ரேமோடு சேர்ந்தே வரும் ரீஃபர்பிஷ்டு பெட்டியில் 8-க்குப் பதில் 16 ஜிபி இருப்பதைக் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கொடுத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கை 300 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். கொடுக்கவில்லை. பதினோரு வருடமாக அந்தக் கடைக்கு வந்தவர்களின் சான்றிதழ்கள் அதில் இருந்தன. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு முழுவதும் அழித்தோம். பிறகு எதிர்க்கடை தச்சரிடம் டிரில்லிங் மெஷின் கேட்டு வாங்கி, தட்டு வரை இறங்குகிற மாதிரி நான்கு துளை போட்டேன். அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, “இன்னும் ஒண்ணு போடு” என்றார்.