கறுப்பு வெள்ளை அச்சு: கம்பெனி மையா, கார்பன் மையா?

வண்ண மைகளைக் கலந்து சாம்பல் நிறத்தை உருவாக்கும் இங்க்ஜெட் பிரிண்டரை நம்பிக் கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடுவது வம்பு. ஜன்னல் வெளிச்சத்தில் பச்சையாகத் தெரியும் நிழல், குண்டு பல்பின் கீழ் இளஞ்சிவப்பாகிவிடும். இதைத் தவிர்க்க உள்ள வழிகளில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

எப்சன் 2005-இல் கே3 மைகளோடு 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்' முறையைக் கொண்டுவந்தது. கறுப்பு, வெளிர் கறுப்பு, மிக வெளிர் கறுப்பு ஆகிய மூன்றுமே படத்தின் பெரும்பகுதியை அச்சிடும். சாயலைத் திருத்த மட்டும் வண்ண மை கொஞ்சம் சேரும். தனி மென்பொருள் தேவையில்லை, அதே பிரிண்டரில் வண்ணப் படமும் அச்சிடலாம். ஆனால் அந்தக் கொஞ்ச வண்ணம்தான் என் உறுத்தல். காலப்போக்கில் முதலில் மங்குவது அதுவே. அது மங்கினால் சாயலும் நகரும்.

கரியாலான கார்பன் மை அப்படியல்ல, எளிதில் மங்காது. ஓலைச்சுவடியில் தேய்த்த விளக்குக் கரி நூற்றாண்டுகள் தாண்டியும் வாசிக்கக் கிடைப்பது இதனால்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கோன் உருவாக்கிய பியசோகிராஃபி மைகளில் ஏழு சாம்பல் படிகள் கொண்ட வகை உண்டு. மேகம், மூடுபனி, சருமம் போன்ற வெளிர் பகுதிகளில் புள்ளிகள் தெரியாமல் இழைவது இதன் பெரும்பலம். பருத்தியாலான மேட் (பளபளப்பற்ற) தாளில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன். விலைதான் கையைக் கடிக்கும்.

சிக்கனக்காரர்களுக்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் பால் ரோர்க்கின் எபோனி-6. ஒரே மேட் கறுப்பு மையை வெவ்வேறு அளவில் நீர்க்கச்செய்து ஆறு கார்ட்ரிட்ஜ்களில் நிரப்பும் முறை இது. கலவைக் குறிப்புகளை அவர் இலவசமாகவே வெளியிட்டார். ராய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப் மென்பொருள் மைகளின் அளவைக் கட்டுப்படுத்தும். வண்ணக் கலப்பே இல்லை என்பதால் மங்குவதைப் பற்றிய கவலை மிகக் குறைவு. ஆனால் சாயல் இளம்பழுப்பு. தூய கார்பனின் இயல்பு அது. குளிர்ந்த சாம்பல் வேண்டுமென்றால் நீலச் சாயல் நிறமி சேர்த்தாக வேண்டும், பழைய உறுத்தல் அங்கே திரும்பிவிடும். கூடவே, வெண்மைக்காக ஒளிரூட்டி கலந்த தாளில் அச்சிட்டால் மை நிலைத்தும் பயனில்லை, தாளே மஞ்சளாகிவிடும்.

கார்பன் மை இரண்டுக்கும் பொதுவான தொல்லை ஒன்று: பிரிண்டரை அதற்கென்றே ஒதுக்க வேண்டும். சும்மா கிடந்தால் மையிலுள்ள நிறத்துகள் (நிறமி) அடியில் படியும், மை தெளிக்கும் ஹெட் அடைக்கும். மாதம் ஒரு படம் அச்சிடுபவர் இதில் இறங்க வேண்டாம்.

பளபளப்புத் தாள் என்றால் கணக்கே வேறு. எபோனியின் மேட் கறுப்பு அதில் ஊறாமல் மேலேயே நின்று விரலில் ஒட்டும். பியசோகிராஃபியில் அதற்கென வேறு கறுப்பு உண்டு. ஆனால் நிறமற்ற பூச்சு ஒன்றை மேலே ஓட்டாவிட்டால், சாய்த்துப் பார்க்கையில் வெண்கல மினுக்கம் தெரியும். அந்தத் தாளுக்கு எப்சனின் மூன்று கறுப்பே போதும் என்பது என் கட்சி.