ஐந்து அறைப் பெட்டியும் அடிப்படை ஜெர்மனும்: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

லைப்சிக் நகரில் குடியேறிய முதல் வாரத்தில், எழுதுபொருள் கடையொன்றில், சொற்களைச் சீட்டில் எழுதி மனப்பாடம் செய்ய ஐந்து அறைகள் கொண்ட சீட்டுப் பெட்டி ஒன்றை வாங்கினேன். ஜெர்மானியர்கள் இதை ‘லெர்ன்கார்ட்டை’ என்பார்கள். செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-இல் தம் நூலில் விளக்கிய முறையில் இது இயங்குகிறது: புதிய சீட்டு முதல் அறையில் இருக்கும், விடை சரியானால் அடுத்த அறைக்கு நகரும், தவறினால் எந்த அறையிலிருந்தும் முதல் அறைக்கே திரும்பிவிடும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். பின்னறைகளுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

முதல் ஆறு மாதங்கள் ஒரு பக்கம் ஜெர்மன் சொல்லையும் மறுபக்கம் ஆங்கிலப் பொருளையும் எழுதி வந்தேன். நூற்றுக்கணக்கில் சீட்டுகள் சேர்ந்த பின்னும் ரொட்டிக் கடையில் ஒரு வாக்கியம் பேச வரவில்லை. சொல்லோடு அதன் பாலை எழுதாததே முதற்பிழை. தமிழில் பால் பொருளைப் பார்த்து அமைகிறது. ஜெர்மனிலோ பெரும்பாலும் சொல்லைப் பார்த்து அமைகிறது. ஆகவேதான் ஒரே மேசையில் கரண்டி ‘டேர் லோஃபெல்’ என்று ஆண்பாலாகவும், முள்கரண்டி ‘டீ காபெல்’ என்று பெண்பாலாகவும், கத்தி ‘டாஸ் மெஸ்ஸர்’ என்று மூன்றாம் பாலாகவும் கிடக்கின்றன. சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ என்ற சொல்கூட, ‘ஷென்’ என்று முடிவதால் ‘டாஸ்’ பெறுகிறது. நீலம், சிவப்பு, பச்சை என மூன்று மைகளில் எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன்.

அப்போது ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே பொருள் எழுதத் தொடங்கியதுதான் பெரிய திருப்பம். ‘மியர் இஸ்ட் கால்ட்’ என்பதற்கு ‘எனக்குக் குளிர்கிறது’ என்று எழுதியவுடன், நம் நான்காம் வேற்றுமையும் ஜெர்மனின் ‘டாட்டிவ்’ வேற்றுமையும் இங்கே ஒரே வேலையைச் செய்வது தெரிந்தது. ‘ஸீ’, ‘டூ’ என்பவை நம் ‘நீங்கள்’, ‘நீ’ போலவே பழகின. ‘வைல் இஷ் கைன ட்சைட் ஹாப’ (எனக்கு நேரமில்லாததால்) போன்ற சார்பு வாக்கியங்களில் வினை கடைசியில் நிற்பது, தமிழருக்குச் சொல்லித் தர வேண்டாத பழக்கம். வேறுபாடு ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நாம் உருபைப் பெயரின் பின்னே சேர்க்கிறோம், அவர்கள் பெரும்பாலும் முன்னே நிற்கும் சொல்லை மாற்றுகிறார்கள். ‘இஷ் ஹெட்ட கெர்ன் ஐனென் கஃபே’ (எனக்கு ஒரு காபி வேண்டும்) என்பதில் ‘ஐன்’ என்பது ‘ஐனென்’ ஆவது அப்படித்தான். இந்த மாற்றத்தை விதியாக மனப்பாடம் செய்ததைவிட, முழு வாக்கியமாக நூறு முறை சொன்னதே எனக்கு உதவியது.

ஆனால் பெட்டி செவியைப் பழக்குவதில்லை. ‘ஹால்ப் த்ரை’ என்றால் இரண்டரை மணி என்று சீட்டில் பலமுறை சரியாகச் சொல்லியிருந்தும், தொலைபேசியில் கேட்டபோது மூன்றரை என்று புரிந்துகொண்டு மருத்துவரின் நேரத்தைத் தவறவிட்டேன். எண்களில் ஒன்றாம் இலக்கம் முதலில் வருவதும் (21 என்பது ‘ஒன்றும் இருபதும்’) காதால் கேட்டுப் பழகியே படிந்தது. அதனால் இப்போது ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படிக்கிறேன்.

வாங்குவோர் ஏ8 அளவைத் தவிர்த்து ஏ7 அளவுச் சீட்டுகளையே வாங்கலாம். சிறியதில் ஒரு வாக்கியம் அடங்காது. என் பெட்டியின் மூலைகள் நைந்து, ஒரு தடுப்பு கிழிந்துவிட்டது. ‘வார்ட்டன் அவுஃப்’ (காத்திருத்தல்) போல வினையோடு ஒட்டிவரும் முன்னிடைச் சொற்கள் மட்டும் இன்றும் முதல் அறையைவிட்டு நகரவில்லை.