சி-ஸ்பான் வீடியோ நூலகம்: பேச்சையும் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் இடம்

அமெரிக்க அதிபர் பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், யாரை ஆதரிப்பது என்று குழம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அமெரிக்க நாடாளுமன்ற நடவடிக்கைகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் தொலைக்காட்சியின் இந்த இணைய நூலகத்தைத்தான். இலவசம், 1987 முதலான பதிவுகள் இருக்கின்றன, பெயரைப் போட்டுத் தேடினால் போதும்.

2008 ஜனநாயகக் கட்சிப் போட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். 2007 நவம்பரில் அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரில் நடந்த கட்சி விருந்தில் ஒபாமா பேசியதைக் கேட்டால் இப்போதும் சிலிர்க்கிறது; ஆனால் அவர் செனட்டுக்கு வந்து அப்போது மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அப்புறம் ஹிலாரி கிளிண்டனின் விவாதங்கள். மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்டால் விவரம் விவரமாகப் பதில் வருகிறது, அனுபவம் என்றால் இதுதான் என்று தோன்றிவிடும். சரி, ஆனால் 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தை ஆதரித்து செனட்டில் அவர் பேசியதும் அங்கேயே இருக்கிறது, அதைப் பார்த்த பிறகு அனுபவத்தை வருடக் கணக்கில் மட்டும் எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

கைதட்டல் வரும் துண்டுகளோடு நிறுத்திவிடாதீர்கள், முழு விவாதத்தையும் செனட் பதிவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மணிக்கணக்கில் ஓடும், பொறுமை வேண்டும். என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து.