மாம்பலம் ஆடிட்டர் ஆபீஸ்: சம்பளக்காரர்கள் நம்பிப் போகலாம்

சம்பளம் வாங்குகிறவர்கள் வருமான வரி ரிட்டர்ன் போட எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும், மேற்கு மாம்பலத்தில் நாங்கள் போகும் ஆடிட்டர் ஆபீஸைத்தான் சொல்கிறேன். மாடியில் சின்ன ஆபீஸ், நான்கு நாற்காலி, அவ்வளவுதான். ஆனால் ஃபார்ம் 16-ஐ (சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்று) வாங்கி அப்படியே ஏற்றிவிட்டுக் காசு கேட்கிற இடம் இல்லை. என்ன வேலை, வேலைக்காக எங்கெல்லாம் அலைகிறீர்கள், வருஷ நடுவில் கம்பெனி மாறினீர்களா, அரியர் (பழைய சம்பள பாக்கி) வந்ததா என்று ஆடிட்டர் மேடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்.

என் வீட்டுக்காரர் மருந்து கம்பெனி ரெப், போன வருஷம் கம்பெனி மாறினார். பழைய கம்பெனி தொழில் வரி 1,250 ரூபாய் பிடித்திருந்தது புது ஃபார்ம் 16-இல் இல்லை, மேடம் பே ஸ்லிப்பைப் புரட்டிக் கண்டுபிடித்து, அதையும் வருமானத்தில் கழிக்கலாம் என்றார். வாடகை ரசீதைப் புது கம்பெனி வாங்கிக்கொள்ளவில்லை, ஆனால் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) விலக்கை ரிட்டர்னிலேயே கேட்கலாம் என்றார், சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதத்தை வைத்துத்தான் உச்சவரம்பு. இதெல்லாம் பழைய வரி முறையில்தான் கிடைக்கும், புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு, எச்.ஆர்.ஏ. கிடையாது. அதனால் இரண்டையும் தாளில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் எது லாபம் என்று சொன்னார்.

எனக்கு அரியர் வந்திருந்தது. அதற்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் வரி நிவாரணம் உண்டு, ஆனால் ரிட்டர்னுக்கு முன்னால் 10இ படிவத்தை ஆன்லைனில் போட்டாக வேண்டும், போடாவிட்டால் துறை ஏற்காது. என்னுடன் வேலை பார்க்கிற பலருக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதும் எனக்குப் பிடித்தது. வேலைக்கான பயணத்துக்குக் கம்பெனி படி கொடுத்திருந்தால், செலவான அளவுக்கு வரிவிலக்கு உண்டு, பில் வேண்டும். நம் கைக்காசில் போட்ட பெட்ரோலைச் சம்பளக்காரர் தனியாகக் கழிக்க முடியாது. பக்கத்தில் இருந்த ஒருவர் நன்கொடை ரசீது ஏதாவது சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, பொய்க் கணக்கு காட்டினால் மறைத்த வரியில் 200 சதவீதம் அபராதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

குறை என்றால் போனை எடுக்க மாட்டார்கள், ஜூலை கடைசியில் போனால் படிக்கட்டு வரை கூட்டம். ஃபார்ம் 16 கைக்கு வந்ததும் ஜூனிலேயே போய்விடுங்கள். 12 மாத பே ஸ்லிப், வாடகை ஒப்பந்தம், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு ஓனரின் பான் எண், எல்லாம் கையோடு கொண்டுபோங்கள்.