மான்செஸ்டர் யுனைடெட் 2025-26 சீசன் டிக்கெட்: முன்களம் புதிது, நடுக்களம் பழையது

மான்செஸ்டர் யுனைடெட்டின் சொந்த அரங்கான ஓல்ட் டிராஃபோர்டில், இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கின் 2024-25 பருவத்தின் 19 ஆட்டங்களையும் தவறாமல் பார்த்த சீசன் டிக்கெட்தாரர், தம் அணி 7 முறை வென்றதையும், 3 முறை சமன் செய்ததையும், 9 முறை தோற்றதையும் கண்டார். வென்ற ஏழில் மூன்று, பருவ முடிவில் பிரீமியர் லீக்கிலிருந்தே வெளியேறிய லெஸ்டர், சவுத்தாம்ப்டன், இப்ஸ்விச் ஆகிய அணிகளுக்கு எதிரானவை. மான்செஸ்டர் யுனைடெட் 42 புள்ளிகளுடன் 15-ஆம் இடத்தில் முடித்தது. 1973-74-இல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்ட பிறகு கழகம் கண்ட மிகத் தாழ்ந்த இடம் இதுவே. அப்படிப்பட்ட ஒரு பருவத்துக்குப் பிறகு, 2025-26-க்கான சீசன் டிக்கெட்டின் விலை 5 சதவீதம் உயர்த்தப்பட்டிருக்கிறது. இதை எழுதுவது 2025 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில்; ஆகஸ்ட் 17 அன்று ஆர்செனலுக்கு எதிராகத் தொடங்கவிருக்கும் இந்தப் பருவத்தில் அந்த டிக்கெட் எதைத் தரும், எதைத் தராமல் போகக்கூடும் என்பதை, கோடையில் அணி வாங்கியதையும் ஆடியதையும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

இந்த ஆண்டு இல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியப் போட்டிகள் நடக்கும் வார நடு இரவுகள் இந்தப் பருவத்தில் கிடையாது. மே 21 அன்று பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் டாட்டன்ஹாமிடம் 0-1 என்று தோற்றதோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது; 2014-15-க்குப் பிறகு யுனைடெட் எந்த ஐரோப்பியப் போட்டியிலும் இல்லாத முதல் பருவம் இது. கடந்த ஆண்டு ஓல்ட் டிராஃபோர்டில் மனம் நிறைந்த ஓர் இரவு இருந்தது என்றால் அது ஏப்ரல் 17 அன்று லியோனுக்கு எதிராகக் கிடைத்ததுதான்: கூடுதல் நேரத்தில் 2-4 என்று பின்தங்கியிருந்த அணி, புரூனோ ஃபெர்னாண்டஸ், கோபி மைனூ, ஹாரி மகுவயர் ஆகியோர் 114-ஆவது நிமிடத்திலிருந்து அடித்த மூன்று கோல்களால் 5-4 என்று வென்றது. அத்தகைய இரவு இந்த ஆண்டு வரவே வழியில்லை. இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளிலும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினால், கடந்த பருவத்தில் 60 ஆட்டங்கள் ஆடிய அணி இம்முறை 40 ஆட்டங்களோடு நின்றுவிடும்.

ஆனால் இதே இழப்பில்தான் இந்தப் பருவத்தின் பெரிய வாய்ப்பும் இருக்கிறது. நவம்பர் 2024-இல், பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்த பயிற்சியாளர் ரூபன் அமோரிம், மூன்று நாளைக்கு ஓர் ஆட்டம் என்ற நெருக்கடியில் தம் 3-4-3 முறையைக் (தடுப்பில் மூவர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் மூவர்) கற்பிக்க நேரமே இல்லாமல் தவித்தார். இப்போது அவருக்கு முழுமையான பயிற்சி வாரங்கள் கிடைக்கும். இதற்கு நெருங்கிய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 2015-16-இல் 10-ஆம் இடத்தில் முடித்து ஐரோப்பியப் போட்டிகளுக்கான இடத்தை இழந்த செல்சீ, அடுத்த பருவத்தில் பயிற்சியாளர் அன்டோனியோ கோன்டேயின் கீழ் 93 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. ஆர்செனலிடம் 0-3 என்று தோற்ற பிறகு கோன்டே 3-4-3 முறைக்கு மாறினார். அதன்பின் அவருடைய அணி தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களை வென்றது. யுனைடெட் ரசிகர்கள் இந்தக் கோடை முழுவதும் இந்த உதாரணத்தை நம்பிக்கையோடு எடுத்துக் காட்டி வருகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது: அந்தச் செல்சீ அணியின் நடுக்களத்தில் என்கோலோ கான்டேயும் நெமான்யா மாட்டிச்சும் நின்றார்கள்.

யுனைடெட்டின் மிகப்பெரிய கவலை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அமோரிமின் முறையில் நடுக்களத்தின் மையத்தில் இருவர் மட்டுமே நிற்கிறார்கள். எதிரணி மூவரை வைத்து ஆடும்போது அந்த இருவரும் ஒருவரின் வேலையைக் கூடுதலாகச் செய்தாக வேண்டும், அதாவது ஓடி மறிக்கவும் வேண்டும், பந்தைப் பறித்தவுடன் நெருக்கடியிலிருந்து அதை வெளியே கொண்டுவரவும் வேண்டும். போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் அணியோடு 2020-21, 2023-24 ஆகிய பருவங்களில் பட்டம் வென்றபோது அமோரிமுக்கு இது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. அங்கே பெரும்பாலான எதிரணிகள் பின்வாங்கி நின்று காத்தன, நடுக்களத்து இருவருக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. இங்கிலாந்தில் அட்டவணையின் அடியில் இருக்கும் அணிகூட ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்து முன்னேறி அழுத்துகிறது.

டிசம்பர் 30, 2024 அன்று நியூகாசிலுக்கு எதிராக நடந்த ஆட்டத்தை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். காசெமிரோவும் கிறிஸ்டியன் எரிக்சனும் நடுவில் நிற்க, எதிரே சாண்ட்ரோ டொனாலி, புரூனோ கிமராயிஸ், ஜோயலிண்டன் ஆகிய மூவர் அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். 20 நிமிடங்கள் முடிவதற்குள் நியூகாசில் இரண்டு கோல்களை அடித்துவிட்டது. 33-ஆவது நிமிடத்தில் அமோரிம் முன்கள வீரர் ஜோஷுவா ஜிர்க்சியை வெளியே அழைத்து, நடுக்களத்தில் மூன்றாமவராக மைனூவை இறக்கினார்; சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறிய அந்த இளைஞரை நோக்கிக் கூச்சலிட்டது வருந்தத்தக்கது, ஏனெனில் குறை அவரிடம் இல்லை. ஆட்டம் 0-2 என்று முடிந்தது. அமோரிமின் கீழ் ஆடிய 27 லீக் ஆட்டங்களில் யுனைடெட் எடுத்தது 27 புள்ளிகள், 14 தோல்விகள். இந்தத் தோல்விகளை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தால், முன்களம் கோல் அடிக்கத் தவறியது எத்தனை முறை காரணமோ, நடுக்களம் கடந்து செல்லப்பட்டதும் ஏறக்குறைய அத்தனை முறை காரணம் என்பதே என் மதிப்பீடு.

அந்த நடுக்களத்தில் இந்தக் கோடையில் என்ன மாறியது? எரிக்சன் ஒப்பந்தம் முடிந்து விடைபெற்றார். புதிதாக இதுவரை எவரும் வரவில்லை. பிரைட்டனின் கார்லோஸ் பலேபா மீது யுனைடெட் ஆர்வம் காட்டியும், பிரைட்டன் விற்க முன்வரவில்லை. மீதமிருப்பவர்கள் 33 வயதுக் காசெமிரோ, மானுவேல் உகார்த்தே, மைனூ, இவர்களோடு அணித்தலைவர் புரூனோ ஃபெர்னாண்டஸ். காசெமிரோவின் அனுபவமும் பந்தைத் தலையால் ஆடும் திறனும் இன்னும் மதிப்புள்ளவை. ஆனால் 90 நிமிடங்கள் பெரும் பரப்பைக் காக்கும் கால்கள் அவரிடம் இப்போது இல்லை. ஸ்போர்ட்டிங்கில் அமோரிமின் கீழேயே ஆடிய உகார்த்தே பந்தைப் பறிப்பார், பறித்த பந்தோடு என்ன செய்வது என்பதில் தடுமாறுவார். மைனூவுக்கு நெருக்கடியில் பந்தைக் கையாளும் அமைதி உண்டு, ஆனால் பயிற்சியாளர் அவரை இந்த இருவரில் ஒருவராக முழுமையாக நம்புவதாகத் தெரியவில்லை.

ஆகவே புரூனோ பின்னுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் மாத்தேயுஸ் குன்ஹாவும் பிரையன் எம்பேமோவும் நடு முன்கள வீரருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு இடங்களை நிரப்பப் போகிறார்கள். அந்த இடங்களில் ஆடிப் பழகிய அணித்தலைவருக்கு நடுக்களத்தின் மையமே எஞ்சுகிறது. கடந்த பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 19 கோல்கள் அடித்த, அணியில் ஒவ்வொரு நல்ல தாக்குதலையும் தொடங்கி வைத்த ஒருவரை, கோலிலிருந்து 40 மீட்டர் தள்ளி நிறுத்தி, எதிரணியின் ஓட்டக்காரர்களைத் துரத்தச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சவூதி அரேபியாவின் அல் ஹிலாலின் அழைப்பை மறுத்துவிட்டு இங்கேயே நின்ற மனிதர் அவர். செப்டம்பரில் 31 வயதாகும் அவரிடம் எந்த வேலையைக் கேட்கிறோம் என்பதை இன்னும் கவனமாக எண்ணியிருக்க வேண்டும்.

முன்களத்தைப் பொறுத்தவரை கழகம் செலவழித்ததில் குறை சொல்ல இடமில்லை. கடந்த பருவத்தில் 38 லீக் ஆட்டங்களில் அடித்த கோல்கள் 44 மட்டுமே. ராஸ்முஸ் ஹோய்லுண்ட் 4 லீக் கோல்கள், ஜிர்க்சி 3. அமாத் தியாலோவும் புரூனோவும் தலா 8 கோல்களோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதே நிலைமையைச் சொல்லிவிடும். இதைச் சரிசெய்ய உல்வ்ஸிலிருந்து குன்ஹா 62.5 மில்லியன் பவுண்டுக்கும், பிரென்ட்ஃபோர்டிலிருந்து எம்பேமோ 65 மில்லியன் பவுண்டுக்கும், லைப்ஸிக்கிலிருந்து 22 வயதான பெஞ்சமின் ஷெஷ்கோ 66 மில்லியன் பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலான தொகைக்கும் வாங்கப்பட்டிருக்கிறார்கள். சில நிபந்தனைகள் நிறைவேறினால் பின்னர் கொடுக்க வேண்டிய தொகைகளையும் சேர்த்தால் மொத்தம் 200 மில்லியன் பவுண்டைத் தாண்டும். எம்பேமோ கடந்த பருவத்தில் 20 லீக் கோல்களும் குன்ஹா 15 லீக் கோல்களும் அடித்தவர்கள். பிரீமியர் லீக்கில் ஏற்கெனவே தேறியவர்கள் என்பதால் இவ்விருவரும் நல்ல கொள்முதல் என்று தயங்காமல் சொல்வேன். ஷெஷ்கோவிடம் உயரமும் வேகமும் ஒருசேர இருக்கின்றன, ஆனால் அவருக்குக் காலம் கொடுக்க வேண்டும். சிறு வயதில் பெருந்தொகைக்கு வந்து, முதல் சில வாரங்களிலேயே கோல் கணக்கால் அளக்கப்பட்டு நம்பிக்கை இழந்த ஹோய்லுண்டின் கதை இவருக்கும் நேர்ந்துவிடக் கூடாது.

இரண்டாவது பெருங்கவலை கோல்காப்பாளர். ஏப்ரலில் லியோனில் நடந்த முதல் கட்ட ஆட்டத்தில் ஆந்த்ரே ஒனானாவின் தவறுகளால் இரண்டு கோல்கள் விழுந்தன. அதையடுத்து நியூகாசிலில் அவருக்கு ஓய்வு கொடுத்து அல்தாய் பாயிந்திரை இறக்கினார்கள். அன்று 1-4 என்று தோற்றபோது பாயிந்திரும் தவறு செய்தார். மூன்றாமவரான டாம் ஹீட்டனுக்கு வயது 39. இந்நிலையில் பருவத்துக்கு முந்தைய பயிற்சியில் ஒனானாவுக்குத் தொடைத்தசையில் காயம் ஏற்பட்டதால், ஆர்செனலுக்கு எதிராகப் பாயிந்திர் நிற்கக்கூடும். மூலை உதைகளில் கோல்காப்பாளரைச் சூழ்ந்து நெருக்குவதில் ஆர்செனலைப் போல் தேர்ந்த அணி லீக்கில் வேறில்லை. மூன்று தாக்குதல் வீரர்களுக்கு அவ்வளவு செலவழித்த கழகம் இந்த ஓர் இடத்தை இதுவரை அப்படியே விட்டிருப்பது எனக்குப் புரியவில்லை.

தடுப்பாட்டம் அவ்வளவு கவலை தருவதாக இல்லை. லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் பிப்ரவரியில் முழங்கால் தசைநார் கிழிந்ததால் இன்னும் சில மாதங்களுக்கு வரமாட்டார்; அவருடைய பந்து கடத்தும் திறன் இல்லாதது தெரியும். ஆனாலும் மத்தைஸ் டெ லிக்ட், லெனி யோரோ, மகுவயர் என்று ஆட்கள் இருக்கிறார்கள், லூக் ஷா காயமின்றி நின்றால் அவரும் உண்டு. ஓரங்களில் ஓடும் விங்-பேக் இடங்களில் பாட்ரிக் தோர்குவும் அமாத்தும் நல்ல நம்பிக்கை தருகிறார்கள். முன்கள வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் கடனாகப் பார்சிலோனா சென்றுவிட்டார். கர்னாச்சோ, சாஞ்சோ, அந்தோணி ஆகியோர் தனியே பயிற்சி செய்து விற்பனைக்குக் காத்திருக்கிறார்கள். விற்பனை தாமதமாகத் தாமதமாக நடுக்கள வீரருக்கான பணமும் தாமதமாகிறது என்பதே இதில் பார்க்க வேண்டியது.

பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களை எவ்வளவு நம்பலாம்? ஸ்டாக்ஹோமில் லீட்ஸுடன் 0-0. அமெரிக்காவில் வெஸ்ட் ஹாமை 2-1 என்றும் போர்ன்மவுத்தை 4-1 என்றும் வென்று, எவர்ட்டனோடு 2-2 என்று சமன். ஆகஸ்ட் 9 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் ஃபியோரென்டினாவுடன் 1-1. ஒன்றிலும் தோற்கவில்லை. மே மாத இறுதியில் கோலாலம்பூரில் ஆசியான் நட்சத்திர அணியிடம் 0-1 என்று தோற்று, 70,000-க்கும் மேற்பட்ட ரசிகர்களின் அதிருப்திக் குரலோடு களத்தை விட்டு வெளியேறிய அதே அணி என்று நம்ப முடியாத அளவுக்கு ஓட்டத்திலும் ஒழுங்கிலும் மாற்றம் தெரிகிறது. போர்ன்மவுத்துக்கு எதிரான முதல் பாதியில் அணி ஒரே நேரத்தில் முன்னேறியதும் ஒரே நேரத்தில் பின்வாங்கியதும் கடந்த பருவத்தில் நான் காணாத காட்சி. அமோரிமின் பயிற்சி பலிக்கத் தொடங்கியிருக்கிறது என்றே கருதுகிறேன். ஆனாலும் நட்பு ஆட்டங்களில் எந்த அணியும் நடுக்களத்தை முழு வேகத்தில் அழுத்துவதில்லை. எனவே முதன்மைக் கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

அரங்கைப் பற்றியும் சில வார்த்தைகள். 74,000 பேர் அமரும் ஓல்ட் டிராஃபோர்டின் கூரை மழையில் ஒழுகுவதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறது. 1,00,000 இருக்கைகளுடன் புதிய அரங்கு கட்டும் திட்டம் மார்ச்சில் அறிவிக்கப்பட்டாலும், இந்த ஆண்டு டிக்கெட் வாங்குபவர் அமரப்போவது பழைய இருக்கையில்தான். கடந்த பருவத்தின் நடுவில், எஞ்சியிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளைச் சிறுவர், முதியவர் என்ற சலுகையின்றி 66 பவுண்டுக்கு விற்ற முடிவை ரசிகர்கள் எதிர்த்ததை மறக்கக் கூடாது. நூற்றுக்கணக்கான ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, தோற்ற அணிக்கு விலையையும் ஏற்றுவது நியாயமாகாது. 16 வயதுக்குட்பட்டோருக்கான விலை உயர்த்தப்படாதது மட்டுமே ஆறுதல்.

ஏற்கெனவே இருக்கை வைத்திருப்பவர் அதை விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. குன்ஹா, எம்பேமோ இருவரும் ஆடுவதைப் பார்ப்பதற்காகவே கடந்த ஆண்டைவிட இந்த ஆண்டு அரங்குக்குப் போகலாம். புதிதாக வாங்க எண்ணுபவர், வாய்ப்பிருந்தால் உறுப்பினராக மட்டும் சேர்ந்து, ஆகஸ்ட் 30 பர்ன்லி ஆட்டத்தையும் செப்டம்பர் 20 செல்சீ ஆட்டத்தையும் தனித்தனியே வாங்கிப் பார்க்கட்டும். பின்வாங்கி நிற்கும் அணியை இந்த நடுக்களம் எப்படித் திறக்கிறது என்பதை முதலாவதும், முன்னேறி அழுத்தும் அணியை எப்படித் தாங்குகிறது என்பதை இரண்டாவதும் காட்டிவிடும். இன்றைய நிலையில் இந்த டிக்கெட்டுக்கு 5-க்கு 3 மதிப்பெண் கொடுக்கிறேன். வீரர் பரிமாற்றச் சந்தை செப்டம்பர் 1 மாலை வரை திறந்திருக்கிறது. அதற்குள் 90 நிமிடமும் ஓடக்கூடிய ஒரு நடுக்கள வீரர் கையெழுத்திட்டால், அதை 4 என்று மாற்றி எழுதுவேன்.