ஈவ் ஒன்லைனா, எலீட் டேஞ்சரஸா? கொழும்பில் இருந்து விளையாடுகிறவருக்கு எது சரிவரும்

வேலை, வீடு, காலி வீதி நெரிசல் எல்லாம் போக இரவில் மிஞ்சுவது இரண்டு மணித்தியாலம்தான். அதை ஒரு விண்வெளி கேமுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தால் ஈவ் ஒன்லைன் அதற்குப் பெறுமதியா, எலீட் டேஞ்சரஸ் போதுமா? என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். தனியாக விளையாடுகிற ஆளென்றால் எலீட் எடுங்கள். கூடவே மூன்று நாலு பேர் சேர்வார்கள் என்றால், அல்லது முன்பின் தெரியாதவர்களோடு மைக்கில் கதைக்க உங்களுக்குக் கூச்சமில்லை என்றால் ஈவ். அதற்கு ஈடாக வேறொன்றும் எனக்குத் தெரியாது.

ஈவ் பழைய கேம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்து சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்டது. சீனாவின் தனிச் சேர்வரை விட்டுவிட்டால் உலகத்தில் விளையாடுகிற எல்லாருமே ஒரே சேர்வரில், ஒரே அண்டத்தில் இருக்கிறார்கள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரத் தொகுதிகளில் சிதறிக்கிடக்கிறார்கள். நீங்கள் ஓட்டுகிற கப்பலை யாரோ ஒரு ஆள் கனிமம் தோண்டி, உருக்கி, செய்து, சந்தைக்குக் கொண்டுவந்து விற்றிருப்பார். ஜிட்டா என்றொரு இடம் இருக்கிறது, ஈவின் புறக்கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்: எதுவும் வாங்கலாம், எதுவும் விற்கலாம், கவனமில்லாவிட்டால் பொக்கெட்டும் காலி. கேமுக்குள் ஏமாற்றுவதை விதிகள் பெரும்பாலும் தடுப்பதில்லை என்பதால் ‘காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்று சட்டில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். நம்பாதீர்கள்.

எலீட் வேறு மாதிரி. 1984 இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் செய்த ‘எலீட்’ தான் மூலம், அதே பிரேபனின் கேம்பிரிட்ஜ் நிறுவனமான ஃப்ரண்டியர் 2014 டிசெம்பரில் இதை வெளியிட்டது. பால்வெளி முழுவதும் உண்மை அளவில், ஏறத்தாழ 400 பில்லியன் நட்சத்திரத் தொகுதிகள். இங்கே நீங்கள் விமானியின் ஆசனத்தில் உட்கார்ந்து கையால் ஓட்டுகிறீர்கள். ஈவில் அப்படியில்லை, ஓரிடத்தைத் தெரிவு செய்து ‘போ’ என்று கட்டளையிட்டால் கப்பல் தானே போகும், உங்கள் வேலை பட்டியல்களையும் எண்களையும் பார்ப்பது. அதை விண்வெளியில் எக்செல் என்று கிண்டல் செய்வார்கள், கிண்டலில் பாதி உண்மை. ஓட்டுகிற சுகம் வேண்டுமென்றால் இந்த இடத்திலேயே எலீட் வென்றுவிட்டது. சுழன்றுகொண்டிருக்கும் நிலையத்தின் ஒடுங்கிய வாசலுக்குள் முதல் தடவை சரியாக நுழைந்து தரையிறங்குகிறபோது வருகிற சந்தோஷத்தை ஈவ் ஒருநாளும் தராது.

ஆனால் நாங்கள் இருக்கிற இடத்தைக் கணக்கில் எடுத்தால் படம் மாறுகிறது. எங்கள் ஆட்கள் அதிகம் கவனிக்காத விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வேகம். ஈவின் சேர்வர் லண்டனில் இருக்கிறது. கொழும்பிலிருந்து போய்வரக் கால் செக்கன் எடுத்தால்கூட ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அந்த கேம் செக்கனுக்கு ஒரு தடவைதான் கணக்குப் பார்க்கிறது. தூரத்தில் இருக்கிறோம் என்று யாரிடமும் தோற்க மாட்டோம். எலீட்டில் ஆட்டக்காரர்களின் கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன, அதனால் ஐரோப்பாவில் இருக்கிற ஒருவரோடு சண்டை பிடித்தால் அவர் கப்பல் இங்கே துள்ளும், அங்கே மறையும், சுட்டது பட்டதா என்றே தெரியாது. தனி ஆட்டத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. எலீட்டைத் தனியாக விளையாடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது நேரம், இதில் அடி வாங்குவது ஈவ். ஒவ்வொரு நாளும் யூடிசி என்கிற உலகப் பொது நேரப்படி 11:00 மணிக்குச் சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்குவார்கள், அது எங்களுக்குப் பின்னேரம் 4:30. அதில் நட்டமில்லை, ஒபிசில்தான் இருப்போம். பிரச்சினை ஐரோப்பியர்களின் இரவு. அங்கே ஆட்கள் சேர்ந்து பெரிய ஃப்ளீட், அதாவது கப்பல் படை, எடுக்கிற 19:00, 20:00 யூடிசி நேரம் எங்களுக்கு நள்ளிரவு தாண்டி 12:30, 1:30. அமெரிக்கர்களின் இரவோ எங்கள் காலைச் சாப்பாட்டு நேரம். நாங்கள் சாப்பிட்டு முடித்து உட்காருகிற 8 மணியிலிருந்து 11 மணிவரை அவுஸ்திரேலியர்கள் படுக்கப் போயிருப்பார்கள், ஐரோப்பியர்கள் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். கனிமம் தோண்டவும் ஆளில்லாத தொகுதிகளுக்குள் பதுங்கித் திரியவும் அது நல்ல நேரம், பெரிய போர் பார்க்க அல்ல. ஆகவே கோர்ப் என்கிற ஆட்டக்காரர் குழு ஒன்றில் சேரும்முன் ‘உங்கள் ஆட்கள் எந்த நேரத்தில் உள்ளே வருகிறார்கள்?’ என்று கேளுங்கள். கப்பல், சம்பளம் எல்லாம் பிறகு.

அந்தப் பெரிய போர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்திகளில் வந்தது 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி தொகுதியில் நடந்தது: ஒரு தொகுதிக்கான கட்டணம் கட்டுப்படாமல் போனதில் தொடங்கி, 21 மணித்தியாலம் நீண்டு, கேமின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்களில் 75 அழிந்தன, உண்மைக் காசில் மூன்று இலட்சம் டொலர் என்று மதிப்பிட்டார்கள். வாசிக்க அற்புதம். உள்ளே இருந்தவர்களுக்கோ, ஆயிரக்கணக்கானோர் கூடியதும் சேர்வர் சமாளிப்பதற்காக நேரத்தையே பத்திலொன்றாக மெதுவாக்கிவிடும், ஒரு கட்டளை பிறப்பித்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்து வரலாம். இந்தக் கதைகளை நம்பி மட்டும் ஈவுக்குள் போகாதீர்கள் மச்சான்மாரே. சின்னச் சண்டையில்தான் ருசி. பத்துப் பேர் சேர்ந்து, ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வாசலில் காத்திருக்கிறபோது, நேற்றுச் சேர்ந்த புதியவர் ஃப்ரிகேட் என்கிற மலிவான சின்னக் கப்பல் ஒன்றில் ஓடிப்போய் எதிரியின் பெரிய கப்பலைத் தப்பவிடாமல் பிடித்து வைப்பார். அவர் இல்லாவிட்டால் அந்த வேட்டையே இல்லை.

இழப்பு என்று வந்தால் ஈவ் இரக்கமில்லாதது. வெடித்த கப்பல் வெடித்ததுதான், காப்புறுதி கொஞ்சம் தரும், பொருத்தியிருந்த கருவிகளுக்கு ஒன்றும் தராது. ஹைசெக் என்கிற ‘பாதுகாப்பான’ பகுதியிலும் உங்களைச் சுடலாம். கொன்கோர்ட் பொலிஸ் வந்து சுட்டவரை அழிக்கும், ஆனால் அதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். எலீட்டில் கப்பல் போனால் பெறுமதியில் ஐந்து வீதம் கட்டி அதே கப்பலைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் புதிய இடங்களை ஆராய்ந்து சேர்த்து, இன்னும் விற்காமல் வைத்திருக்கும் தரவெல்லாம் போய்விடும். பால்வெளியின் மையம் 26,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, அவ்வளவு தூரம் போய்த் திரும்புகிற வழியில் ஒரு கிரகத்தில் மோசமாக இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மின்வெட்டையும் சேர்க்க வேண்டும். 2022 அளவுக்கு இப்போது இல்லை, ஆனால் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது 2025 பெப்ரவரியில்தான். ஈவில் இணைப்பு அறுந்தால் கப்பல் தானாகத் தூர ஓடப் பார்க்கும், எதிரி பிடித்து வைத்திருந்தால் ஓடாது, நீங்கள் ஜெனரேட்டர் தேடுகிற நேரத்தில் கதை முடிந்துவிடும். எலீட்டும் எப்போதும் இணையம் கேட்கும். ஆனால் தனி ஆட்டத்தில் அறுந்தால் திரும்பி வரும்போது ஏறத்தாழ விட்ட இடத்தில்தான் இருப்பீர்கள்.

காசுக்கு வருவோம். ஈவை 2016 நவம்பரிலிருந்து இலவசமாக விளையாடலாம், அல்பா என்பார்கள்: திறன் பயிற்சி பாதி வேகம், நல்ல கப்பல்கள் பல பூட்டியிருக்கும். முழுமையான சந்தாவான ஒமேகா 2022 இல் மாதம் 15 டொலரிலிருந்து 20 டொலர் ஆனது. டொலர் 300 ரூபாவைச் சுற்றி நின்றாலே அது மாதம் ஆறாயிரம், சின்ன வீட்டு இணையக் கட்டணத்தை விடக் கூட. கேமுக்குள் உழைத்த காசில், சந்தாவாக மாற்றக்கூடிய பிளெக்ஸ் என்கிற பொருளை வாங்கி அதைக் கட்டலாம்தான். அதற்குப் பிறகு அது இரண்டாவது வேலை. எலீட்டை ஒரு தடவை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை, ஸ்டீம் கழிவு விற்பனைக்குக் காத்திருந்தால் நன்றாகக் குறையும். சில புதிய கப்பல்களை முதலில் காசுக்கு விற்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வாங்காமலேயே விளையாடலாம். கணினியைப் பொறுத்தவரை ஈவ் பழைய லப்டொப்பிலும் ஓடும். எலீட்டுக்குத் தனி கிரபிக்ஸ் கார்ட் வேண்டும்.

நோ மேன்ஸ் ஸ்கை என்கிற விண்வெளி கேமையும் கேட்பார்கள். இணையமில்லாமலும் ஓடும், 2016 இலிருந்து பெரிய மேம்படுத்தல்களை இலவசமாகவே தந்துகொண்டிருக்கிறார்கள், பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட நல்லது. சிக்கலான கேம் தேடுகிறவருக்கு ஒரு மாதத்தில் அலுத்துவிடும். ஸ்டார் சிட்டிசன் 2012 இல் நிதி திரட்டத் தொடங்கியது, நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கும், முடிந்த கேம் என்று அதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஈவைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அல்பாவில் நுழைந்து புதியவர்களுக்கு அடிப்படை பழக்குகிற கெரியர் ஏஜென்ட்டுகளின் பணிகளை முடியுங்கள், உடனே ஈவ் யுனிவர்சிட்டி மாதிரிப் புதியவர்களுக்குச் சொல்லித்தருகிற ஒரு கோர்ப்பில் சேருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அங்கே யாரும் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்றால் அழித்துவிட்டு எலீட்டுக்குப் போங்கள். கூப்பிட்டால் ஒரு மாத ஒமேகா எடுங்கள், வருடச் சந்தா மலிவு என்று தள்ளுவார்கள், அதை அந்த மாதம் முடிந்த பிறகு யோசிக்கலாம். எலீட் வாங்குபவர்கள் கணினிப் பதிப்பையே வாங்குங்கள், கொன்சோல் பதிப்புகளுக்கு 2022 உடன் புதிய உள்ளடக்கம் நின்றுவிட்டது.