மக்கிய எரு என்று நம்பி 20 டன் வாங்கி ஏமாந்தேன்

இருபது டன். இருபது டன் தொழு உரத்துக்கு முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிட்டு, மஞ்சளடித்துப் போன தக்காளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறினால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். எரு வாங்கும்போது கவனிக்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

விவசாய இடுபொருட்களை வயலுக்கே கொண்டுவந்து இறக்கும் ஆப்களில் ஒன்று. பெயர் வேண்டாம், வம்பு வேண்டாம். "நன்கு மக்கிய தொழு உரம்" என்று போட்டு, கறுப்பாக, பொலபொலவென்று ஒரு படம். எனக்கு இரண்டு ஏக்கர். ஏக்கருக்குப் பத்து டன் கணக்கு. சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று விற்பவருக்குப் போன் போட்டேன்.

அங்கேதான் விழுந்தேன். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "அண்ணே, மண் பரிசோதனை பண்ணிருக்கீங்களா? கார அமில நிலை எவ்வளவு? போன போகம் என்ன பயிர்?" என்று கேட்டார். எருவை விற்கிறவன் மண்ணைப் பற்றிக் கேட்கிறானே என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு டன் நல்ல தொழு உரத்தில் ஏறத்தாழ 5 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 2 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 5 கிலோ சாம்பல் சத்து (பொட்டாஷ்) இருக்கும் என்று அவரே கணக்கும் சொன்னார். அது சரியான கணக்குதான். சரியான கணக்கைச் சொல்லித்தான் ஏமாற்றினார்! போனை வைத்த கையோடு பணத்தைக் கட்டிவிட்டேன்.

லோடு வந்தது இருட்டும் நேரத்தில். தார்ப்பாயை விலக்கினால் மேலே படத்தில் பார்த்த அதே கறுப்பு. கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் குவியலின் அடியிலிருந்து மூக்கைத் துளைக்கும் அமோனியா நாற்றம். உள்ளே கைவிட்டேன், சுட்டது. வைக்கோல் முழுசு முழுசாகக் கிடக்கிறது, மரத்தூள் கைப்பிடி கைப்பிடியாக வருகிறது. உடனே போன் செய்தேன். "சூடா இருந்தா சத்து உயிரோட இருக்குன்னு அர்த்தம்ணே. உழுது விடுங்க, மண்ணு பார்த்துக்கும்" என்றார். நானும் உழுதேன். இதை எழுதவே கூசுகிறது. மக்கிய எரு சுடாது, நாறாது, மழை பெய்த மண் மாதிரி வாசம் வரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பணம் கட்டியாயிற்று, நடவுக்கு நாற்று தயாராக நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பத்தாம் நாள் நட்டேன். மூன்றாம் வாரம் அடியிலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. ஒரு பங்கு தழைச்சத்துக்கு முப்பது பங்குக்கு மேல் கரிமம் (கார்பன்) உள்ள குப்பையை மண்ணில் போட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்கள் தேவைக்கு மண்ணில் ஏற்கெனவே இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்; செடிக்குப் பற்றாமல் இலை மஞ்சளாகும். மரத்தூளில் இந்தக் கரிமம் நூற்றுக்கணக்கான பங்கு. ஆக, நான் சத்து வாங்கிப் போடவில்லை. இருந்த சத்தைத் தின்பதற்கு ஆள் வாங்கிப் போட்டிருக்கிறேன், அதுவும் இருபது டன்னுக்குக் காசு கொடுத்து. மக்காத குப்பையோடு வேர்ப்புழுவும் வந்தது. என் நிலத்தில் இதுவரை பார்க்காத களைகளும் முளைத்திருக்கின்றன. குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறி, அடிக்கடி கிளறிவிடப்பட்டு, எல்லாப் பகுதியும் அந்தச் சூட்டைப் பார்த்திருந்தால் களை விதையில் பெரும்பாலானது செத்திருக்கும். இது பாதியில் அள்ளிக்கொண்டு வந்த குப்பை.

ஆப்பில் புகார் கொடுத்தேன். "48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." நான்கு நாள் கழித்து ஒரு பெண் பேசினார்: இயற்கைப் பொருளில் தரம் சற்று ஏறி இறங்கும் சார். அடுத்து ஒருவர்: பொருளை வந்த நிலையிலேயே திருப்பி அனுப்பினால் பணம் கிடைக்கும். உழுது கலந்த எருவை மண்ணிலிருந்து சலித்தா எடுப்பது? மூன்றாவது ஆள் புகாரையே மூடிவிட்டார், "தீர்க்கப்பட்டது" என்று. விற்றவர் ஒரே ஒரு முறை எடுத்தார். "பிரச்சினை உங்க மண்ணுல சார்." பணம் கட்டும்வரை அண்ணன், அப்புறம் சார். இருபது டன்னுக்கான பணத்தில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை. இப்போது அந்தத் தழைச்சத்தை ஈடுகட்ட யூரியாவுக்கு வேறு தனியாகச் செலவு.

இதில் இன்னொரு எரிச்சல், பக்கத்து வயல்காரர். "எரு எருன்னு ஆடினியே, பார்த்தியா? மூட்டை உரமே போதும்" என்கிறார். எருவைத் திட்டாதீர்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1852 முதல் 1871 வரை மட்டும் எரு போட்டு நிறுத்திய பார்லி நிலம் ஒன்று இருக்கிறது. நூறு ஆண்டு கழித்தும் அங்கே மட்கு, அதாவது மண்ணில் மக்கிக் கலந்த கரிமப் பொருள், எருவே போடாத பாத்தியை விட அதிகம். மண் பொலபொலப்பது, தண்ணீரைப் பிடித்து வைப்பது, மண்புழு சேர்வது எல்லாம் அந்த மட்கால்தான். அதற்காகத்தானே இவ்வளவு பணம் போட்டேன்.

சரி, பத்து விஷயம் என்றேன். குவியலின் நடுவில் கைவிடாமல் பணம் கொடுக்காதீர்கள். சுட்டாலோ நாறினாலோ லோடைத் திருப்பி அனுப்புங்கள். இருட்டில் இறக்க விடாதீர்கள். ஒரு பிடி எருவைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கலக்கி வையுங்கள், அடியில் மணல் எவ்வளவு தங்குகிறது என்று தெரிந்துவிடும். தொட்டியில் எருவும் மண்ணும் கலந்து பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். களைக்கொல்லி அடித்த தீவனத்தைத் தின்ற மாட்டின் சாணமாக இருந்தால் புது இலை சுருண்டுகொள்ளும். மீதி ஐந்து இப்போது நினைவுக்கு வரவில்லை. களை எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், அவர்களுக்கும் கூலி நான்தான் கொடுக்க வேண்டும்.